அண்ணியின் பதினாலாயிரம் அடிகள்

விடியற்காலையில் சலவைக்கூடத்தின் கதவைத் திறந்தால் முதலில் முகத்தில் வந்து மோதுவது நீராவி. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனால் அடுத்தது வாடை. ஆஸ்பத்திரி மருந்து, ஓட்டல் சென்ட்டு, முகம் தெரியாத மனிதர்களின் வியர்வை, இவை எல்லாவற்றையும் அடக்கப் பார்க்கும் சோப்புக் காரம். காலைக்குள் மூன்று லாரி அழுக்கு உள்ளே வந்து மூன்று லாரி வெள்ளை வெளியே போயாக வேண்டும். நடுவில் இருப்பது நாற்பது பேருடைய கையும் காலும்.

வண்டிக்காரி தன் தள்ளுவண்டியைப் பிழியும் மெஷினுக்கு முன்னால் நிறுத்தினாள். மெஷின் வாயைத் திறந்து ஈர விரிப்புகளைக் கொத்தாகத் துப்பியது. பிழிந்த துணி என்று பேர்தான், கனத்துக்குக் குறைச்சலில்லை. வண்டி நிறைந்ததும் நெஞ்சை முட்டுக் கொடுத்து, பின்னங்காலை ஊன்றி, தம் பிடித்து உந்தினால்தான் சக்கரம் அசையும். அங்கிருந்து இஸ்திரி உருளைவரை நீண்ட நடை. நடுவில் சாக்கடை மூடியை ஒட்டி ஒரு மேடு ஏற வேண்டும். அதில் கொஞ்சம் அசந்தால் வண்டி பின்னால் உருண்டு ஆளைச் சாய்த்துவிடும். பதினோரு வருஷமாக அவள் அந்த மேட்டை ஏறிக்கொண்டிருக்கிறாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. கூடத்தில் அவள் வண்டிக்காரிதான்.

அவளுடைய இடது மணிக்கட்டில் ஒரு நீலப் பட்டை. நடக்கிற ஒவ்வோர் அடியையும் எண்ணும் பட்டை அது. கம்பெனி எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தது. வண்டிக்காரிக்கு மட்டும் வலது கையிலும், சேலைக்கு மேல் போட்ட முழுக்கைச் சட்டைக்கு உள்ளே, இன்னொன்று இருந்தது. அது அண்ணியுடையது.

அண்ணி என்றால் புருஷனின் அக்கா. கூடத்தின் மூலையில் தையல் மெஷினில் உட்கார்ந்து கிழிந்த விரிப்புகளை ஒட்டுப்போடுகிறவள். வீட்டில் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். அடுப்பு மேடையை யார் துடைப்பது என்று தொடங்கினால் புருஷன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். ஆனால் கூடத்துக்குள் அண்ணியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் வண்டிக்காரி வண்டியை அங்கேயே போட்டுவிட்டுச் சண்டைக்குப் போவாள்.

அண்ணியும் ஒரு காலத்தில் வண்டி தள்ளியவள்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்த மேட்டில் வண்டி பின்னால் வந்து அவளுடைய வலது முழங்காலை நொறுக்கியது. கம்பெனி அவளை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தது. ஒரு பகல் முழுக்கக் கூடமே மேனேஜர் அறை வாசலில் நின்று, வேலையில் அடிபட்டவர்களுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை என்று எழுதி வாங்கியது. எழுதும்போது மேனேஜர் ‘குணமாகும்வரை’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டார். அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் கம்பெனிக்குத் திடீரென்று தொழிலாளர்கள் மேல் பாசம் பொங்கியது. சுவருக்குச் சுவர் சுவரொட்டி. அதில் வியர்வையே காணாத ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஓடினாள். ‘உங்கள் உடல்நலம், எங்கள் அக்கறை.’ திட்டத்தை நடத்த ஒரு நல அதிகாரியும் வந்தாள். முப்பது வயது இருக்கும். எல்லாரையும் அம்மா, அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். ஒரே வாரத்தில் கூடம் அவளுக்குச் சர்க்கரை என்று பேர் வைத்துவிட்டது.

சர்க்கரை எல்லாருக்கும் பழச்சாறு கொடுத்து, நடந்தால் இதயத்துக்கு என்ன நல்லது, மூச்சுக்கு என்ன நல்லது என்று படம் போட்டுக் காட்டினாள். மடிப்பு மெஷினில் நிற்கும் நெட்டை கையைத் தூக்கினான்.

“மேடம், நடக்கிறதுக்கு எங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். உக்கார்றதுக்கு ஏதாவது திட்டம் இருந்தா சொல்லுங்க. முதல் ஆளா நான் பேர் குடுக்கறேன்.”

கூடம் கொல்லென்று சிரித்தது. பழச்சாற்றைக் குடித்தார்கள். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள் சர்க்கரை நேராக வண்டிக்காரியிடம் வந்தாள். வண்டிக்காரி சொன்னால் கூடம் கேட்கும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். வந்தவள் திட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. குனிந்து வண்டிக்காரியின் பாதத்தைப் பார்த்தாள்.

“என்னம்மா இது, இப்படி வீங்கியிருக்கு? வலிக்கலையா?”

பதினோரு வருஷத்தில் அந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்டதில்லை. வீட்டிலும் கேட்டதில்லை, அண்ணியைத் தவிர. அண்ணி கேட்டால் அதில் ஒரு திட்டும் சேர்ந்தே வரும். சர்க்கரை இரண்டு நாளில் தடித்த அடிப்பாகம் வைத்த ஒரு ஜோடி செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். வண்டிக்காரி அன்றைக்கே அவள் பக்கம் சாய்ந்துவிட்டாள். இதற்காக அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வலிக்கிறதா என்று கேட்கவே ஆளில்லாத இடத்தில் அந்தக் கேள்விக்கு மயங்காதவர் யார்?

பிறகுதான் சர்க்கரை விஷயத்துக்கு வந்தாள். “கூடத்துல எல்லாரும் சேரணும்மா. மூணு மாசம், ஒருத்தர் விடாம தினமும் பத்தாயிரம் அடி. முடிச்சிட்டா கம்பெனி உங்களுக்கு ஓய்வறை கட்டித் தரும். பெஞ்சு போட்டு, ஃபேன் போட்டு. நான் பேசி வாங்கியிருக்கேன்.”

பெஞ்சு! அந்தக் கூடம் ஏழெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அந்தப் பெஞ்சைத்தான். சாப்பிடும்போது கூட அழுக்கு மூட்டையின் மேல்தான் உட்கார வேண்டும்.

“இந்தக் கணக்கெல்லாம் மேனேஜருக்குப் போகுமா மேடம்?”

“சேச்சே. இது உங்க உடம்பு சம்பந்தப்பட்டது. என்னைத் தாண்டி எங்கயும் போகாது. என் வார்த்தையை நம்புங்கம்மா.”

வண்டிக்காரி நம்பினாள். ஒவ்வொரு மெஷினாகப் போய்ப் பேசினாள். பெஞ்சைச் சொன்னாள், ஃபேனைச் சொன்னாள், செருப்பைக் காட்டினாள். முப்பத்தொன்பது பேரும் கட்டிக்கொண்டார்கள். கடைசியில் அண்ணி ஒருத்திதான் முரண்டு பிடித்தாள்.

“நான் உக்காந்து தைக்கிறவ. நான் எங்கடி பத்தாயிரம் அடி நடக்கிறது? கழிவறைக்குப் போய் வந்தா உண்டு.”

“சும்மா கட்டுங்க அண்ணி. நான் இருக்கேன்ல.”

அண்ணி மணிக்கட்டை நீட்டினாள்.

முதல் வாரம் முடிந்ததும் வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். சும்மா உற்சாகத்துக்குத்தான், மேனேஜர் கணக்குக்கு இல்லை என்றாள் சர்க்கரை. எல்லார் பெயரும், பக்கத்தில் அவரவர் ஒரு நாளைக்கு நடந்த அடியும். மேலே இருப்பவர்கள் பச்சையில். கீழே அண்ணி மட்டும் சிவப்பில், எண்ணூற்றுச் சொச்சம். வருகிறவன் போகிறவன் எல்லாம் நின்று படித்தான். பெஞ்சு வராமல் போனால் இவளால்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அண்ணியை வாட்டியது. அன்று சாயங்காலமே நொண்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கும் தெருமுனைக்கும் நடக்க ஆரம்பித்தாள். மூன்றாவது சுற்றில் வண்டிக்காரி குறுக்கே போய் நின்றாள்.

“கழட்டுங்க அதை. எப்படியும் நடக்கிற கால் நடக்குது. ஒரு கையில கட்டினா என்ன, ரெண்டு கையில கட்டினா என்ன?”

அதைப் பார்த்துக் கூடமும் பிடித்துக்கொண்டது. அங்கே வேலையே அப்படித்தான் நடக்கும். ஒருத்தருக்குக் காய்ச்சல் என்றால் அவருடைய பங்கைப் பக்கத்து மெஷின் இழுத்துப் போட்டுக்கொள்ளும், வாயைத் திறந்து கேட்க வேண்டியதில்லை. அதே பழக்கத்தில் பட்டையையும் பங்குபோட்டுக்கொண்டார்கள். உருளையில் நிற்கிறவர்கள் வண்டி தள்ளுகிறவர்களிடம் கொடுத்தார்கள். கால் சுளுக்கியவள் சுளுக்காதவளிடம் கொடுத்தாள். நெட்டை யாரையும் தொந்தரவு செய்யவில்லை. மடிப்பு மெஷினின் ஆடும் கம்பியில் பட்டையை மாட்டிவிட்டு அவன் பாட்டுக்கு நின்றான். அந்த வாரம் அவன் ஒரே நாளில் முப்பத்தோராயிரம் அடி நடந்தான் என்று சர்க்கரை எல்லார் முன்னாலும் கைதட்டி அவனுக்கு ஒரு துண்டு போர்த்தினாள். நெட்டை முகத்தில் ஒரு சலனம் இல்லாமல் வாங்கிக்கொண்டான். அன்று பகல் பூராவும் கூடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

மூன்று மாதம் முடிந்தது. ஓய்வறை வரவில்லை. அறிவிப்பு ஒன்று வந்தது.

வெள்ளிக்கிழமை காலை அதை வாசல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். தையல் வேலை இனிமேல் வெளியே கொடுக்கப்படும். நலத்திட்டப் பதிவுகளின்படி தையல் ஊழியர் முழுமையாகக் குணமடைந்து, தினமும் சராசரியாகப் பதினாலாயிரம் அடி நடப்பதால், திங்கள்கிழமை முதல் வண்டிப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார். மறுப்பவர் தானாக விலகியதாகக் கருதப்படுவார். கீழே மேனேஜர் கையெழுத்து.

வண்டிக்காரி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் சர்க்கரையின் அறைக்கு ஓடினாள்.

“மேடம், உங்களைத் தாண்டிப் போகாதுன்னு சொன்னீங்களே?”

சர்க்கரை கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கம்பெனியோட திட்டம்மா. கம்பெனி கேட்டா குடுக்கத்தானே வேணும்? அவங்க நல்லா நடக்கிறாங்க. சந்தோஷப்படுங்க.”

“அது அவங்க நடந்தது இல்ல மேடம்.” வண்டிக்காரி வலது கைச் சட்டையை மேலே ஏற்றினாள். “நான் நடந்தது. இதோ பாருங்க.”

சர்க்கரை பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? உங்க ரெண்டு பேருக்கும் தினமும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. ரெண்டாவது வாரமே பார்த்துட்டேன்.”

“பார்த்துட்டு?”

“எல்லாரும் சேர்ந்த ஒரே கூடம் நம்மளோடதுதான்னு தலைமை ஆபீஸ்ல பேரு. அதைப் போய்க் கெடுப்பேனா?” குரலில் இப்போதும் இனிப்புக்குக் குறைவில்லை. “இதை நீங்க வெளிய சொன்னா என்ன ஆகும் தெரியுமா? கம்பெனியை ஏமாத்தினதா ஆகும். உங்களுக்கும் வேலை போகும், அவங்களுக்கும் போகும். நான் எதையும் கேக்கலைன்னு வச்சுக்கறேன். போங்கம்மா.”

அந்த அறையிலிருந்து எப்படி வெளியே வந்தாள் என்று வண்டிக்காரிக்கு நினைவில்லை. காலில் இருந்த செருப்பைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டது மட்டும் நினைவிருந்தது. பிறகு ஈரத் தரையில் வெறுங்காலோடு வண்டி தள்ளினாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். திட்டுவாள், கத்துவாள், தட்டை விட்டெறிவாள் என்று வண்டிக்காரி காத்திருந்தாள். அப்படித் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“அந்தப் பொண்ணை நான் எங்கடி நம்பினேன்?” என்றாள் அண்ணி, தலையை நிமிர்த்தாமல். “கம்பெனியையும் நம்பலை. நீ இருக்கேன்னு சொன்னே. அதை நம்பிக் கையை நீட்டினேன்.”

அதற்குமேல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அண்ணி அவளோடு பேசவில்லை. அடுப்பு மேடையை யார் துடைப்பது என்ற சண்டைகூட இல்லை. யாருமே சொல்லாமல் இரண்டு பேரும் துடைத்தார்கள். தன்னை ஒருத்தி ஏமாற்றிய வலி ஒரு பக்கம். ஏமாற்றியவளின் வார்த்தையைத் தன் வாயால் முப்பத்தொன்பது வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோமே என்ற வலி இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் வண்டிக்காரியைத் தின்றது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அண்ணியின் கால் போகும். இந்த இரண்டையும் மாற்றி மாற்றி எடைபோட்டே ஞாயிற்றுக்கிழமை கழிந்தது.

திங்கள்கிழமை விடியற்காலை அண்ணி முழங்காலைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு வண்டியைப் பிடித்தாள். வண்டிக்காரி தன் வண்டியை விட்டுவிட்டு உதவப் போனாள்.

“உன் வண்டியைப் பாரு” என்றாள் அண்ணி.

முதல் நடையைத் தள்ளிவிட்டாள். இரண்டாவதையும் தள்ளிவிட்டாள். ஒவ்வொரு மெஷினிலும் கை வேலை செய்ய, கண்ணெல்லாம் அவள் மேலேயே இருந்தது. ஆஸ்பத்திரி விரிப்பு ஏற்றிய லாரி அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. மூன்றாவது நடையில், சாக்கடை மேட்டில், அண்ணியின் வலது கால் மடங்கியது. வண்டி ஒரு கணம் நின்று, பிறகு பின்னால் உருள ஆரம்பித்தது. வண்டிக்காரி கத்திக்கொண்டே ஓடிவந்து தோளைக் கொடுத்தாள். நெட்டையும் பாய்ந்து வந்து பிடித்தான். வண்டி பக்கவாட்டில் சாய்ந்து ஈர விரிப்பெல்லாம் சாக்கடை நீரில் கொட்டியது. வண்டி அண்ணியின் மேல் விழவில்லை. ஆனால் அவள் விழுந்த இடத்தைவிட்டு எழவில்லை. கட்டியிருந்த துணிக்கு மேலே முழங்கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது.

மேனேஜர் வந்தார். பின்னால் சர்க்கரையும் கையில் கோப்போடு வந்தாள். மேனேஜர் முதலில் பார்த்தது சாக்கடையில் கிடந்த விரிப்பை.

“இதையெல்லாம் மறுபடி துவைக்கணும். யார் பொறுப்பு இதுக்கு?”

“ஆள் விழுந்து கிடக்கு சார்” என்றான் நெட்டை.

“எனக்கும் கண்ணு இருக்கு. தினம் பதினாலாயிரம் அடி நடக்கிறவங்களுக்கு இந்தச் சின்ன மேடு ஏற முடியலையா? உக்காந்து பழகின உடம்பு, வேலைன்னா நடிக்கத் தோணுது.”

அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். தன்னைக் காப்பாற்றத்தான் அண்ணி வாயைத் திறக்கவில்லை என்று வண்டிக்காரிக்கு அந்த நொடியில் புரிந்தது. இரண்டு நாளாக ஒரு வார்த்தை பேசாதவள், இவள் வேலை போனால் போகட்டும் என்று காட்டிக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. எடைபோட்டதெல்லாம் அத்தோடு முடிந்தது.

வண்டிக்காரி அண்ணியின் பக்கத்திலிருந்து எழுந்தாள். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டி, வலது கையை மேனேஜரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“அந்தப் பதினாலாயிரம் அடி இங்க இருக்கு சார். நடந்தது என் கால். எங்க அண்ணி மூணு மாசமா அந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்கலை.”

மேனேஜர் அந்தப் பட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“அப்போ ஏமாத்தியிருக்கே.” நீங்கள் என்பது மேனேஜரின் வாயிலிருந்து போய்விட்டது. “நீயும் வேண்டாம், அவளும் வேண்டாம். ரெண்டு பேரும் இப்பவே வெளிய போங்க.”

“மேடத்துக்கு ரெண்டாவது வாரமே தெரியும் சார். கேளுங்க. மேடம், நீங்க பார்த்தீங்கதானே? சொல்லுங்க.”

சர்க்கரை கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வண்டிக்காரியைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள். “இவங்க என்ன சொல்றாங்கன்னே எனக்குப் புரியலை சார்” என்றாள்.

இதை எதிர்பார்த்துத்தான் கேட்டிருந்தாள் வண்டிக்காரி. இருந்தாலும் அது சுட்டது.

அப்போது நெட்டை தன் மெஷின் பக்கம் போனான். விசையை அமுக்கினான். ஆடிக்கொண்டிருந்த கம்பி நின்றது. அதிலிருந்து பட்டையைக் கழற்றி, எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தான்.

“சார், முப்பத்தோராயிரம் அடி நடந்தது இந்தக் கம்பி. மேடம் துண்டு போர்த்தினாங்களே, அதையும் இதுக்கே போர்த்திடுங்க. வெளிய போகணும்னா நானும் வரேன்.”

சாய்ந்து கிடந்த வண்டியை நிமிர்த்தி, பட்டையை அதற்குள் போட்டான். வண்டிக்காரி தன் இரண்டு கைப் பட்டைகளையும் கழற்றிப் போட்டாள். உருளையில் நின்ற பெண் அடுத்து வந்தாள். “என்னோடதையும் இவதான் சார் கட்டிக்கிட்டு நடந்தா” என்று பக்கத்திலிருந்தவளைக் காட்டினாள். அவள் இரண்டு பட்டையையும் கழற்றிப் போட்டாள். பிழியும் மெஷின்காரர் வந்தார். கால் சுளுக்கியவள் வந்தாள். யாருடைய பட்டை யாருடைய கையில் இருந்தது என்று அவர்களுக்கே சில இடத்தில் குழம்பியது. “இது உன்னோடதா என்னோடதா?” “எதுவா இருந்தா என்ன, போடு உள்ளே.” ஒவ்வொருவராக வரவர மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தக் கூடத்தில் பேசினால் காதில் விழும் என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“பூராப் பேரையும் தூக்கிடுவேன்” என்றார் மேனேஜர். குரல் வேண்டியதைவிடச் சத்தமாக வந்தது.

“தூக்குங்க சார்” என்றாள் வண்டிக்காரி. “அதுக்கு முன்னால எங்க அண்ணிக்கு டாக்டரைக் கூப்பிடுங்க. தையல் மெஷின் அது இருந்த இடத்துலயே இருக்கணும். ‘குணமாகும்வரை’ன்னு நீங்க எழுதின வார்த்தையை அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடணும். அப்புறம் அந்தப் பெஞ்சு. அதுக்கு மட்டும் நாங்க வருஷக்கணக்கா நிஜமாவே நடந்திருக்கோம்.”

“ரெண்டு லாரி வெளிய நிக்குது. வேலையைப் பாருங்க!”

“நிக்கட்டும் சார்” என்றான் நெட்டை. “நாங்க பதினோரு வருஷமா நிக்கலையா?”

சிரிப்பு எழவில்லை. அது வேடிக்கையாக யாருக்கும் படவில்லை. மேனேஜர் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டுக்கொண்டே தன் அறைப் பக்கம் நடந்தார். கதவு சாத்தப்பட்டது. போலீஸ் வருமா, புது ஆட்கள் வருவார்களா, டாக்டர் வருவாரா என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. சர்க்கரை நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுக்குப் போக ஒரு பக்கமும் இருக்கவில்லை.

உருளைப் பெண் சுத்தமான விரிப்பு ஒன்றை எடுத்துவந்து மடித்து அண்ணியின் முழங்காலுக்கு அடியில் வைத்தாள். வண்டிக்காரி மட்டும் அண்ணியின் அருகில் என்ன செய்வதென்று தெரியாமல் வெறுங்காலோடு நின்றாள்.

அண்ணி அவள் சேலை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருடி. காலைப் பாரு, எப்படி வீங்கியிருக்கு. செருப்பை எறிஞ்சுட்டு வந்துட்டா பெரிய மகாராணி.”

வண்டிக்காரி உட்கார்ந்தாள். நெட்டை உட்கார்ந்தான். அவர்களைப் பார்த்து ஒவ்வொரு மெஷினுக்கு முன்னாலும் ஒவ்வொருவராக அந்த ஈரத் தரையில் உட்கார்ந்தார்கள். நாற்பது பேரும் வேலை நேரத்தில் உட்கார்ந்தது அந்தக் கூடத்தில் அதுதான் முதல் தடவை. வெளியே லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். நடுவில் நின்ற வண்டிக்குள் நாற்பது பட்டைகளும் பச்சை விளக்கைக் கொட்டிக் கொட்டி மின்னின. வெகுநேரம் ஆகியும் அவற்றில் எதிலும் ஓர் அடிகூட ஏறவில்லை.